பாட்டியின் சஷ்டி விரதமும் ஒரு மில்லிமீட்டர் புழுவும்



இந்த மாதப் பாடத்தை எங்கள் வீட்டுச் சமையலறையில் தொடங்குகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், கந்த சஷ்டியின் மூன்றாம் நாள். பாட்டி வழக்கம்போல விடியலில் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றி, முருகனைக் கும்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை பத்து மணி வாக்கில் நான் தண்ணீர் குடிக்கப் போனேன். பாட்டியின் கை நடுங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து என் சித்தப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அம்மா ஓடி வந்து இனிப்பு நீர் பார்க்கும் கருவியில் ரத்தத்தை வைத்துப் பார்த்தார். 2.8. நான்குக்குக் கீழே போகக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நல்லவேளை, பாட்டிக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தோம். ஏறியிருந்தது. கொஞ்சம் கஞ்சி குடிக்க வைத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம்.

டாக்டர் கேட்டார்: "பாட்டி சாப்பிட்டாங்களா?"

"இல்ல டாக்டர், விரதம்."

"மருந்து?"

"அது மட்டும் தவறாம போட்டாங்க."

தப்பு எங்கள் வீட்டார் மேல்தான். பாட்டி விரதம் இருப்பது எங்களுக்குத் தெரியும், மருந்து சாப்பிடுவதும் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்து ஒருவரும் யோசிக்கவில்லை. பாட்டி சாப்பிடும் இரண்டு மாத்திரைகளில் ஒன்று கிளிக்கிளாசைடு. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பது அதன் வேலை. அன்று காலை பாட்டியின் உடம்புக்கு உணவு வரவில்லை. ஆனால் 'உணவு வந்துவிட்டது' என்ற செய்தி மட்டும் உடம்பு முழுக்கப் போயிருக்கிறது.

நான் படிப்பது பொறியியல். கருவி ஒன்று தவறான செய்தி கொடுத்தால் இயந்திரம் என்ன பாடுபடும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, நம்ம செல்கள் எந்தச் செய்தியைக் கேட்டு எரிபொருளைப் பயன்படுத்துகின்றன, அதற்கும் முதுமைக்கும் என்ன தொடர்பு என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெட்டு நாளும் மழை நாளும்

நம்ம உடம்பில் நடக்கும் எல்லா வேலைக்கும் செல்லுக்குள் செலவாகும் காசு ஏடிபி என்ற மூலக்கூறு. சாப்பிட்ட சோற்றையும் எண்ணெயையும் செல்கள் கடைசியில் இந்தக் காசாக மாற்றிக்கொள்கின்றன. பெரும்பகுதியை மாற்றித் தருவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பு. ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறக்குறைய தன் உடல் எடை அளவுக்கு ஏடிபியைத் திரும்பத் திரும்ப உருவாக்கிச் செலவழிக்கிறார். அவ்வளவு வேகமான வரவு செலவு.

இந்த வரவு செலவைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய தோட்டத்தை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும்.

முதலாவது, இன்சுலின். இது காலையில் பெரட்டுக்கு அடிக்கும் மணி மாதிரி. ரத்தத்தில் சீனி ஏறியதும் கணையம் இந்த மணியை அடிக்கிறது. செல்கள் கதவைத் திறந்து சீனியை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. இதன் உறவுக்காரர் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிச் செய்தி.

இரண்டாவது, எம்டோர் என்ற புரதம். இது மண்டோர். இன்சுலின் மணி கேட்டது, புரதச் சத்தும் வந்தது என்றால், 'கட்டு, வளர், சேர்த்து வை' என்று விரட்டி வேலை வாங்கும்.

மூன்றாவது, ஏஎம்பிகே என்ற நொதி. இது கணக்கு பார்க்கும் கிராணி. ஏடிபி செலவாகிக் கையிருப்பு குறைந்ததும் இது விழித்துக்கொள்ளும். புதிய கட்டுமானத்தை நிறுத்து, சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்து எரி, மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கு என்று உத்தரவு போடும். மண்டோரையும் அடக்கி வைக்கும். நடந்தாலோ ஓடினாலோ தசைக்குள் முதலில் விழிப்பது இந்தக் கிராணிதான்.

இதற்கு முதுமையோடு என்ன தொடர்பு?

என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். மழை நாளில் வெட்டு இல்லை. "அன்னைக்குத்தான்யா கத்திய தீட்டுவேன், வாளிய தேய்ப்பேன், லயத்துக் கூரையில ஓட்டைய அடைப்பேன்" என்று சொல்வார். வெட்டு நாளில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. செல்லும் அப்படித்தான். உணவுச் செய்தி வந்துகொண்டே இருக்கும்போது கட்டுமானம் நடக்கும். அந்தச் செய்தி அடங்கும்போதுதான் பழுது பார்க்கும் வேலை மும்முரமாகும். உடைந்த புரதங்களையும் பழுதான மைட்டோகாண்ட்ரியாவையும் செல் தானே பிரித்துக் கரைத்து, உதிரிகளை மறுபடியும் பயன்படுத்திக்கொள்கிறது. இதற்குத் தன்விழுங்கல் என்று பெயர். ஆங்கிலப் புத்தகங்களில் ஆட்டோஃபேஜி என்று வரும். ஈஸ்டில் இது எப்படி நடக்கிறது என்று கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசூமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பழுது சேர்ந்துகொண்டே போவது முதுமையின் ஒரு பெரிய பகுதி. அப்படியானால் மழை நாளே இல்லாத தோட்டத்தில் கூரை என்ன ஆகும்? விலங்குகளில் விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி ஏறக்குறைய இதுதான்.

எலியும் புழுவும் சொன்னது

1935-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பவர், குறைந்த கலோரி கொடுத்து வளர்த்த எலிகள் அதிக நாள் வாழ்ந்ததை வெளியிட்டார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் எலிகளைப் பட்டினி போடவில்லை. கலோரியை மட்டும் குறைத்தார். வைட்டமின், தாதுச் சத்துகளில் குறை வைக்கவில்லை. இந்த வேறுபாட்டுக்குப் பிறகு திரும்ப வருவோம்.

ஏன் அதிக நாள் வாழ்ந்தன என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. விடையின் முதல் துண்டு கிடைத்தது ஒரு புழுவிடம். சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளம். முழு வளர்ச்சியில் இனப்பெருக்கச் செல்கள் போக மொத்தம் 959 செல்கள். வாழ்வது இரண்டு மூன்று வாரம். ஆகவே அதன் முழு ஆயுளையும் ஒரு பள்ளி விடுமுறைக்குள் பார்த்து முடித்துவிடலாம்.

1993-இல் கலிஃபோர்னியாவில் சிந்தியா கென்யன் குழுவினர், டாஃப்-2 என்ற ஒரே ஒரு மரபணு பழுதான புழுக்கள் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வாழ்ந்ததைக் கண்டார்கள். கிழடு தட்டி இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை. மற்ற புழுக்கள் சோர்ந்து கிடந்த வயதில் இவை சுறுசுறுப்பாக நகர்ந்தன. அந்த மரபணு என்ன என்று 1997-இல் கேரி ருவ்கன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். இன்சுலின் செய்தியை வாங்கும் வாசலை உருவாக்கும் மரபணு அது. நம்ம உடம்பில் இன்சுலினையும் ஐஜிஎஃப்-1-ஐயும் வாங்கும் வாசலுக்கு அது சொந்தம். அதாவது 'உணவு வந்தது' என்ற மணியின் சத்தம் அந்தப் புழுக்களுக்குக் குறைவாகக் கேட்டது. குறைவாகக் கேட்டதும் ஃபாக்ஸோ வகைப் புரதம் ஒன்று செல்லின் உட்கருவுக்குள் போய்ப் பழுது பார்க்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்பியது. அந்தப் புரதத்தையும் நீக்கிவிட்டால், புழுவுக்குக் கூடுதல் ஆயுள் கிடைக்கவில்லை.

இதே போக்கு பழ ஈயிலும் தெரிந்தது. வளர்ச்சி ஹார்மோன் இல்லாமல் குள்ளமாகப் பிறக்கும் சில எலி வகைகளிலும் தெரிந்தது. புழு, ஈ, எலி என்று இவ்வளவு தூரம் பிரிந்துபோன உயிர்களில் ஒரே கம்பி ஓடுகிறது என்றால், அது மிகப் பழைய கம்பி.

ஐஸ்கிரீம் டப்பாவில் காத்திருந்த மருந்து

மண்டோரின் கதை இன்னும் சுவையானது. அதில் நம்ம துணைக்கண்டத்துக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1964-இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு, பசிபிக் கடல் நடுவில் இருக்கும் ஈஸ்டர் தீவுக்குப் போனது. அங்கிருந்து மண் மாதிரிகள் கொண்டுவந்தார்கள். பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேன் சேகல், மொண்ட்ரியாலில் அயர்ஸ்ட் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் அவருடைய குழு ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. அந்தத் தீவு மக்கள் தங்கள் ஊரை ராப்பா நூயி என்பார்கள். அதனால் மருந்துக்கு ராப்பாமைசின் என்று பெயர் வைத்தார்கள்.

பூஞ்சையைக் கொல்லும் மருந்தாக நினைத்தார்கள். அது நோய் எதிர்ப்பு சக்தியையும் அடக்கியது. 1980-களில் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது, வேலையும் நின்றது. சேகல் அந்தப் பாக்டீரியாவைக் குப்பையில் போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து உறைபெட்டியில் பாதுகாத்தார். சில ஆண்டுகள் கழித்து நிறுவனத்தின் நிர்வாகம் மாறியதும், மறுபடியும் ஆய்வு செய்யலாம் என்று மேலிடத்தைச் சம்மதிக்க வைத்தார். 1999-இல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அது அங்கீகாரம் பெற்றது. சேகல் 2003-இல் காலமானார்.

அதற்குள் இந்த மருந்து உடம்பில் எதைப் பிடிக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. 1991-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மைக்கேல் ஹால் குழுவினர் ஈஸ்டில் அந்த இலக்கைக் கண்டார்கள். ராப்பாமைசினின் இலக்கு என்ற பொருளில் அதற்கு டோர் என்று பெயரிட்டார்கள். பாலூட்டிகளில் அதன் பெயர் எம்டோர். நம்ம மண்டோருக்கு அப்படித்தான் பெயர் வந்தது.

2009-இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வு நிலையங்கள் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டன. 600 நாள் வயதான, அதாவது மனிதக் கணக்கில் சுமார் 60 வயதான எலிகளுக்கு ராப்பாமைசின் கலந்த உணவு கொடுத்தார்கள். 90 விழுக்காடு எலிகள் இறந்து முடியும் வயதை வைத்துப் பார்த்தபோது, பெண் எலிகளின் ஆயுள் 14 விழுக்காடும் ஆண் எலிகளின் ஆயுள் 9 விழுக்காடும் கூடியிருந்தது. பாலூட்டி ஒன்றின் ஆயுளை, அதுவும் வயதான பிறகு தொடங்கி, ஒரு மருந்து நீட்டியது என்பது அன்று பெரிய செய்தி.

'அப்படின்னா அந்த மாத்திரைய வாங்கிப் போட்டுக்கலாமே' என்று தோன்றும். தோட்டத்துக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ரப்பர் மரத்தில் எத்தேஃபோன் என்ற மருந்தைப் பூசினால் பால் அதிக நேரம் வடியும். அதுவும் ஒரு செய்திதான். மரத்துக்குள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டு மரத்தின் செல்களை ஏமாற்றுகிறது. அளவோடு பூசினால் லாபம். பேராசைப்பட்டு அடிக்கடி பூசி, ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை வறண்டு பாலே வராமல் போகும். ராப்பாமைசினும் நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், சிலருக்கு ரத்தச் சீனியையும் ஏற்றும். நல்ல உடம்போடு இருப்பவர் முதுமைக்கு மருந்து என்று தானாக எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள் அல்ல.

பாட்டி சாப்பிடும் இன்னொரு மாத்திரையான மெட்ஃபார்மின், கிராணியாகிய ஏஎம்பிகேயைத் தூண்டுவது. அதிலும் இதே பாடம்தான். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவில் 0.1 விழுக்காடு மெட்ஃபார்மின் கலந்து கொடுத்த ஆண் எலிகளின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 5 விழுக்காடு கூடியது. 1 விழுக்காடு கொடுத்தபோது ஆயுள் குறைந்தது.

குரங்குகளின் தட்டில் இருந்த சீனி

புழுவுக்கும் நமக்கும் தூரம் அதிகம். குரங்கு பக்கத்துச் சொந்தம். அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளுக்குக் கலோரியைக் குறைத்துக் கொடுத்து ஆய்வு தொடங்கினார்கள். விஸ்கான்சின் குழு 2009-இல், குறைவாக உண்ட குரங்குகளுக்கு வயதோடு வரும் நோய்களும் அவற்றால் வரும் இறப்பும் குறைந்தன என்றது. தேசிய முதுமை ஆய்வு நிலையக் குழு 2012-இல், ஆயுள் கூடவில்லை என்றது. ஒரே கேள்வி, இரண்டு பதில்!

இரண்டு குழுக்களும் உட்கார்ந்து கணக்குகளை ஒப்பிட்டு 2017-இல் சேர்ந்து எழுதினார்கள். வித்தியாசங்களில் ஒன்று சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. விஸ்கான்சின் குரங்குகளின் உணவில் சீனி 28.5 விழுக்காடு. மற்ற இடத்தில் 3.9 விழுக்காடு. விஸ்கான்சினில் ஒப்பிடுவதற்காக வைத்த குரங்குகள் விருப்பம்போல் சாப்பிட்டன. மற்ற இடத்தில் அவற்றுக்கும் ஓர் அளவு இருந்தது. அதாவது சீனி நிறைந்த சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிடுகிறவர்களுக்குக் குறைப்பதால் பெரிய பலன். ஏற்கெனவே அளவாக, நல்ல உணவு சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் குறைப்பதால் கூடுதல் பலன் கொஞ்சம்தான்.

காலையில் தே தாரிக், பத்து மணிக்கு மீலோ, மத்தியானம் சிராப், சாயங்காலம் மறுபடியும் தே தாரிக். நம்ம தட்டு எந்தக் குரங்கின் தட்டு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு என்பதோடு எப்போது சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 2022-இல் டெக்சாஸில் ஜோசப் தகஹாஷி குழு வெளியிட்ட ஆய்வில், கலோரியை 30 விழுக்காடு குறைத்து, அதை இரவு பகலாகப் பரப்பிக் கொடுத்த எலிகளின் ஆயுள் 10 விழுக்காடு கூடியது. அதே அளவு உணவை, எலி இயல்பாக விழித்திருக்கும் இரவு நேரத்தில் மட்டும் கொடுத்தபோது 35 விழுக்காடு கூடியது. எலிக்கு இரவு, நமக்கு அது பகல்.

2024-இல் ஜாக்சன் ஆய்வுக்கூடம் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நம்ம விரதத்துக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. 960 பெண் எலிகள். விருப்பம்போல் சாப்பிட்டவை சராசரியாக 25 மாதம் வாழ்ந்தன. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ உண்ணாமல் இருந்தவை 28 மாதம். தினமும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தவை 30 மாதம். ஐந்தில் இரண்டு பங்கு குறைத்தவை 34 மாதம். ஆனால் இதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆயுளைத் தீர்மானிப்பதில் உணவைவிட மரபுக்குப் பங்கு அதிகம். குறைத்துச் சாப்பிட்டும் எடையை அதிகம் இழக்காமல் தாங்கிய எலிகள்தான் நீண்ட நாள் வாழ்ந்தன. வேகமாக மெலிந்தவை அல்ல.

நம்ம கணக்கு

இப்போது நம்ம வாசலுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒருவர். இந்தப் பத்திரிகை போகும் வீடுகளில் இதைப் பொய்யென்று சொல்ல முடிந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

தாத்தாவும் சீனி போட்ட தேத்தண்ணிதான் குடித்தார். ஆனால் இருட்டோடு எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, வாளி சுமந்தார். தசைக்குள் கிராணி நாள் முழுக்க விழித்திருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்ம குடும்பங்கள் புந்தோங் பக்கமும் ஈப்போ சுற்றுவட்டாரத் தாமான்களுக்கும் வந்தன. வேலை நாற்காலியிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆனது. தேத்தண்ணியில் சீனி மட்டும் குறையவில்லை. மணி ஓயாமல் அடிக்க, நாளடைவில் செல்கள் காதை மூடிக்கொள்கின்றன. இன்சுலினுக்குச் செல் செவி சாய்க்காத அந்த நிலையில்தான் பெரும்பாலோருக்கு நீரிழிவு தொடங்குகிறது.

இதைச் சொல்லும்போது பழைய காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. தோட்டத்துப் பசி விரதம் அல்ல. மழை தொடர்ந்து பெய்தால் சம்பளமும் இல்லை, அடுப்பும் எரியாது. மெக்கேயின் எலிகளுக்குச் சத்தில் குறை இல்லை. லயத்துக் குழந்தைகளுக்கு அந்த உத்தரவாதம் இருந்ததில்லை. இல்லாமையால் வரும் பட்டினி உடம்பைக் கரைக்கும். வைத்துக்கொண்டு அளவாக உண்பது வேறு.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு, அதுவும் தமிழ் மண்ணிலிருந்து. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2006-இல் வெளியானது. மூன்று ஆண்டுக் கணக்கில், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளானார்கள். தினம் அரைமணி நேரமாவது நடந்து, சீனியையும் தீட்டிய மாவுப் பொருள்களையும் குறைத்த குழுவில் அது 39.3 விழுக்காடு. குறைந்த அளவு மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 40.5. இரண்டையும் செய்தவர்களில் 39.5. நடையும் சாப்பாட்டு மாற்றமும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. அவர்கள் எலிகள் இல்லை. நம்மைப்போல இட்லி, சோறு சாப்பிடுகிற மனிதர்கள்.

அப்போ விரதம்?

நம்ம கூட்டங்களில் சில சமயம், 'நம்ம முன்னோர் ஆட்டோஃபேஜிக்காகத்தான் ஏகாதசி வைத்தார்கள்' என்று யாராவது சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாட்டி சஷ்டி இருந்தது முருகனுக்காக. மனதை ஒருமுகப்படுத்த, ஆசையை அடக்க. அதற்கு எலியின் சாட்சி தேவையில்லை. எலி ஆய்வு நாளைக்கு மாறினாலும் பாட்டியின் பக்தி மாறப்போவதில்லை.

ஆனால் உடம்பைக் கொண்டு செய்யும் சாதனையில் உடம்பின் விதியையும் தெரிந்துகொள்வது கடமை. வள்ளுவர் மருந்து என்று தலைப்பிட்ட 95-ஆம் அதிகாரத்தில் பாதிக்கு மேல் பேசுவது அளவறிந்து, முன் உண்டது செரித்தபின் உண்பதைப் பற்றித்தான். பகலெல்லாம் விரதம் இருந்துவிட்டு, இரவில் சவ்வரிசிப் பாயசம், வடை, கேசரி என்று ஒரேயடியாகச் சாப்பிட்டால் செல்லுக்கு அது மழை நாள் ஆகாது. புரட்டாசியில் சைவம் என்றால் பொரித்த கிழங்கும் இனிப்புத் தண்ணியும் என்று ஆகிவிடக் கூடாது.

மருந்து சாப்பிடும் பெரியவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நோன்பு மாதத்துக்கு முன்பே முஸ்லிம் அன்பர்கள் கிளினிக்கில் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது இந்த நாட்டில் வழக்கமான காரியம். சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் தைப்பூசத்துக்கும் நம்மில் எத்தனை பேர் அப்படிக் கேட்கிறோம்? அந்த டாக்டர் எங்களிடம் கோபப்படவில்லை. "ஒரு வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா மாத்திக் கொடுத்திருப்பேனே" என்றார். அவ்வளவுதான். அடுத்த சஷ்டிக்கு நாங்கள் முன்னதாகவே போனோம். டாக்டர் சொன்னபடி மருந்தை மாற்றி, பாட்டி மத்தியானம் ஒரு வேளை உணவும் காலை மாலை பாலும் எடுத்துக்கொண்டு ஆறு நாளும் விரதம் இருந்தார். தினமும் இரண்டு முறை ரத்தச் சீனி பார்ப்பது என் வேலை. சூரசம்ஹாரத்தன்று கல்லுமலை கோயிலுக்கும் கூட்டிப் போனோம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவதும் ஆபத்து, கேட்காமல் மருந்தோடு பட்டினி கிடப்பதும் ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்கிளாசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள் இவர்களுக்கு இது இரட்டிப்புக் கவனம்.

நாம் செய்யக்கூடியவை

இளைஞர்களுக்கு நான்கு வேலை. ஒன்று, வீட்டுப் பெரியவர்களின் மருந்துச் சீட்டை ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள். எந்த மாத்திரை எதற்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு, விரத நாட்களுக்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். மூன்று, இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்து, மறுநாள் காலை வரை செல்லுக்கு ஓய்வு கொடுங்கள். நள்ளிரவு மாமாக் கடையைக் குறையுங்கள். நான்கு, சாப்பிட்டபின் பெரியவர்களோடு கொஞ்ச தூரம் நடங்கள். கிராணியை எழுப்ப அதைவிட மலிவான வழி கிடையாது.

பாட்டிக்கு இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். புழு, குரங்கு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாம் சரிய்யா, நீ எப்போ ராத்திரி பன்னெண்டு மணிக்கு மெகி சமைக்கிறத நிறுத்தப் போற?" என்று கேட்டார். அதற்குத்தான் இன்னும் பதில் எழுதவில்லை.

கலந்துரையாடலுக்கு

1. இன்சுலின், எம்டோர், ஏஎம்பிகே மூன்றும் செல்லுக்குச் சொல்லும் செய்திகள் என்ன? தோட்டத்து உதாரணத்தை விட்டு, உங்கள் வேலை அல்லது படிப்பிலிருந்து வேறு உதாரணம் சொல்லுங்கள்.

2. இரண்டு குரங்கு ஆய்வுகள் ஏன் வேறு வேறு பதில் தந்தன? ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவுக்கு வரலாமா?

3. பட்டினிக்கும் விரதத்துக்கும் உடலளவிலும் மனதளவிலும் என்ன வேறுபாடு?

4. அடுத்த கந்த சஷ்டிக்கு முன், உங்கள் வட்டாரக் கோயிலில் விரதம் இருக்கும் நீரிழிவு அன்பர்களுக்கு ஒரு மருந்து ஆலோசனை நாள் நடத்த முடியுமா? யார் யாரைக் கேட்க வேண்டும்?